ஒலியை எண்ணாக்கும் சிறு பெட்டி

சென்ற கோடை விடுமுறையில், அரியலூரை அடுத்த எம் சிற்றூரில், என் தந்தையின் தாயார், எம்மூர் வழக்கில் அப்பாயி, பாடும் ஒப்பாரியைப் பதிவு செய்ய முனைந்தேன். அவை ஏட்டில் ஏறாத பாட்டுக்கள். சாவில்லாத வீட்டில் ஒப்பாரி கூடாதென்று அவர் களத்துமேட்டு மரத்தடிக்கு வந்தமர்ந்தார். யான் இரவல் பெற்றுச் சென்ற கருவி, கணிப்பொறியோடு யு.எஸ்.பி. வடத்தால் இணையும் 'ஆடியோ இன்டர்ஃபேஸ்' என்பது. அதன் இயல்பை ஈண்டு ஒருவாறு கூறுவல்.

ஒலிவாங்கி தரும் மின்னலை மிக மெலிது. கருவி முதற்கண் அதனைப் பெருக்குகின்றது. கண்டென்சர் வகை ஒலிவாங்கியாயின், கணிப்பொறி தரும் 5 வோல்ட்டை 48 வோல்ட்டாக உயர்த்தி அதற்கு ஊட்டுகின்றது. பின்னர் அலையின் உயரத்தை விநாடிக்கு 48,000 முறை அளந்து எண்ணாக்குகின்றது. மாந்தர் செவி ஏறத்தாழ 20,000 அதிர்வு வரையே கேட்கும். அதன் இருமடங்கிற்கு மேல் அளப்பின் அலையை மீட்டல் கூடும் ஆதலின் இவ்வளவு போதும். அளவுகோலின் நுட்பம் 'பிட்' எனப்படும். 16 பிட் எனின் 65,536 படிகள். 24 பிட் எனின் 1,67,77,216 படிகள்.

யான் இடறியது இவ்விடத்தேதான். பெருக்கத் திருகை இயன்றவரை உயர்த்துக என்று, காந்த நாடாவில் பழகிய முதியவர் ஒருவர் கூறியிருந்தார். நாடாவுக்கு அது மெய்யே. நாடா தானே இரையும். பாட்டு அவ்விரைச்சலின்மேல் நிற்றல் வேண்டும். சற்று மிகுந்தாலும் நாடா அலையின் முடியைச் சிறிதே மழுக்கி விட்டுவிடும். எண்ணிலோ, கடைசிப் படிக்கு மேல் எண்ணே இல்லை. முடி தட்டையாக வெட்டுண்ணும், வெட்டுண்டது மீளாது.

ஒப்பாரி தாழ்ந்த குரலில் தொடங்கி அடியின் ஈற்றில் ஓங்குவது. அப்பாயி பேசிய குரலுக்குத் திருகை அமைத்த யான், அவர் மாண்ட தம்பியை விளித்தழுதபோது சிவப்பு விளக்கெரிந்ததைக் காணவில்லை. அவர் முகத்தையே பார்த்திருந்தேன். 24 பிட் பதிவில் 12 டெசிபெல் இடம் விட்டாலும் இழப்பது இரண்டே பிட். எஞ்சிய 22 பிட்டின் படிகள் 16 பிட்டினும் 64 மடங்கு. அடிப்படிகள் சில கருவியின் இயல்பிரைச்சலில் மறையும் எனினும் குறையொன்றுமில்லை. இதனைப் பின்னரே கற்றேன்.

மேடைக்கு வேறோர் இடர் உண்டு. பெரம்பலூரில் பறையிசைக்கும் நண்பர் வாயிலாக அதனை அறிந்தேன். கணிப்பொறி எண்களைத் தொகுதி தொகுதியாகவே வாங்கும். 256 எண்கொண்ட தொகுதியாயின், போக்கும் வரவுமாக விநாடியில் நூற்றிலொரு பங்கு தாழ்க்கும். அதற்குள் ஒலி காற்றில் மூன்றரை மீட்டர் செல்லுமாதலின், உடனிசைப்பவர் சற்றுத் தள்ளி நிற்பது போன்றதே. தொகுதி 1,024 ஆயின் தாழ்வு நான்கு மடங்காகிக் கை தடுமாறும். தொல்காப்பியர் மாத்திரைக்குக் கண்ணிமைப் பொழுதை அளவாக வைத்தார். பறைக்காரர் கைக்கு அதிற் பாதியும் பொறாது போலும்!

மறுநாள் மீண்டும் பாட வேண்டினேன். "ஒரு தரம் அழுதாச்சு சாமி, மறுபடி எதுக்கு அழுவச் சொல்ற?" என்றார். பதிவைக் கேட்டுக் கேட்டு எழுதி வருகின்றேன். குரல் ஓங்கிய இடத்து இரண்டு சொற்கள் இன்னும் விளங்கவில்லை. கேட்டால், அப்பொழுது வாயில் வந்தது இப்பொழுது நினைவில்லை என்கின்றார்.