சரிபார்ப்பை அணைக்கச் சொல்பவர்களுக்கு

ஓசூர் சிப்காட்டில் உதிரிபாகம் செய்யும் சிறு யூனிட்டுக்குக் காகித வேலை இப்போது ஸ்கிரிப்டின் கையில். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளிக்குள் போக 2018 ஏப்ரல் முதல் இ-வே பில் வேண்டும். வாங்கும் கம்பெனி கேட்டால் ஏஎஸ்என்னும் (சரக்கு வருமுன் அனுப்பும் அறிவிப்பு) அனுப்ப வேண்டும். அதை ஏற்கும் சர்வர் கிளையன்ட் சர்டிஃபிகேட் கேட்பது நியாயமே. பாஸ்வேர்டு என்றால் அதைச் சர்வரிடம் ஒப்படைத்தாக வேண்டும். சர்டிஃபிகேட்டின் பிரைவேட் கீயோ நம் கணினியிலேயே இருந்து கையெழுத்து மட்டும் போடும். கீயை நீங்களே உருவாக்குங்கள், சர்டிஃபிகேட் கேட்கும் சிஎஸ்ஆர் கோப்பை மட்டும் அனுப்புங்கள், திரும்பி வரும் சர்டிஃபிகேட்டையும் கீயையும் தகவலை அனுப்பும் கர்ல் கட்டளைக்குக் காட்டுங்கள். கீயையும் சேர்த்து மெயிலில் அனுப்புகிறோம் என்பவர்களுக்கு மறுப்புச் சொல்லுங்கள்.

பெரிய இழப்பு இதற்கு அடுத்த படியில்தான். சர்வரின் சர்டிஃபிகேட்டை நம்ப முடியவில்லை என்று ஸ்கிரிப்ட் நின்றதும், வாங்குபவர் பக்கத்து ஐடி ஆட்கள் போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்: கர்லில் மைனஸ் கே போடுங்கள், பைத்தானில் வெரிஃபையை ஃபால்ஸ் ஆக்குங்கள். பிஎச்பி 2014-இல் வந்த 5.6 பதிப்பிலிருந்து தானாகவே செய்கிற சரிபார்ப்பை நாமே அணைப்பதற்குப் பெயர் தீர்வா? 'உங்களிடம்தான் கிளையன்ட் சர்டிஃபிகேட் இருக்கிறதே, என்ன பயம்?' என்பது அவர்கள் வாதம். அதில் பாதி உண்மை. நம் கையெழுத்து அந்த ஒரு இணைப்புக்கே பொருந்தும். நடுவில் புகுந்தவன் அதை வைத்து உண்மையான சர்வருக்குள் நுழைய முடியாது. ஆனால் அவன் நுழையவே தேவையில்லை. நம் சர்டிஃபிகேட்டைப் பார்க்காமலே ஏற்று, விலையும் அளவும் உள்ள தகவலை வாங்கிக்கொண்டு, 200 என்று பதில் தந்தால் போதும். ஸ்கிரிப்ட் வெற்றி என்று பதிவு செய்யும். லாரியோ ஏஎஸ்என் இல்லாமல் வாங்குபவர் கேட்டில் நிற்கும். கிளையன்ட் சர்டிஃபிகேட் நாம் யார் என்று அவர்களுக்குச் சொல்வது. எதிரில் இருப்பவர் யார் என்று நமக்குச் சொல்வது அந்தச் சரிபார்ப்பு மட்டுமே. போதாக்குறைக்கு, ஆபீஸ் ஃபயர்வால் இணைப்பைப் பிரித்துப் பார்ப்பதுதான் காரணமென்றால், சரிபார்ப்பை அணைத்தாலும் நம் சர்டிஃபிகேட் சர்வரைச் சேராது. பிழைச் செய்திதான் மாறும்.

சின்ன யூனிட்டில் இதற்கெல்லாம் ஆள் ஏது என்று கேட்கலாம். ஆள் வேண்டியதில்லை, ஒரு கோப்பு வேண்டும். பெரும்பாலும் சர்வர் தன் இடைநிலைச் சர்டிஃபிகேட்டை அனுப்பாமல் விட்டிருக்கும், அல்லது அந்தக் கம்பெனி சொந்த சிஏ (சர்டிஃபிகேட் வழங்கும் அமைப்பு) வைத்திருக்கும். முதலாவதைத் திருத்த வேண்டியது அவர்கள் பொறுப்பு. இரண்டாவதென்றால் சிஏ கோப்பைக் கேட்டு வாங்கி, கர்லில் சிஏசர்ட் என்ற இடத்தில் காட்டினால் தீர்ந்தது. லெட்ஸ் என்கிரிப்டின் இலவச சர்டிஃபிகேட்டையே கிளையன்ட் சர்டிஃபிகேட்டாகப் பயன்படுத்துவோர் வேறு வழி பார்க்க வேண்டும். அந்தப் பயன்பாட்டை அது 2026-இல் நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. அந்தந்தக் கம்பெனியின் சிஏ கையெழுத்திட்டதை வாங்குவதே சரி. அவர்கள் சிஏ மாற்றுவதாகச் சொன்னால், மாறும் நாளுக்கு முன்பே புதியதைக் கேட்டு வாங்கி, பழையதையும் புதியதையும் ஒரே கோப்பில் வைத்திருங்கள்.