குழுக் காசு: இன்றைக்கே செய்ய வேண்டியவை, ஒருபோதும் செய்யக்கூடாதவை

நடவிலும் களையெடுப்பிலும் முதுகு ஒடியச் சம்பாதித்த காசைத்தான் குழுவில் சந்தாவாகப் போடுகிறீர்கள். 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் குழு முறை இன்று பள்ளிக்கூட அடுப்புவரை வந்துவிட்டது. 2023 ஆகஸ்ட் 25 அன்று நம் பக்கத்துத் திருக்குவளையில் காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுவதற்கும் விரிந்தபோது, சமையல் பொறுப்பு குழுப் பெண்களிடம்தான் வந்தது. இப்படி ஊரே நம்பும் குழுக்கள் சில உடைந்ததையும் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஒரே காரணம்: காசு பன்னிரண்டு பேருடையது, நோட்டு ஒருத்தியிடம் மட்டும்.

செய்ய வேண்டியவை

1. இன்றைக்கே பாஸ்புக்கை வங்கியில் கொடுத்து எண்ட்ரி போட்டு வாங்குங்கள். கூட்டத்தில் எழுதிய வரவும் வங்கியில் ஏறிய வரவும் ஒன்றுதானா என்பது அப்போதுதான் தெரியும். போகும்போது ஊக்குநரோடு சாதாரண உறுப்பினர் ஒருவரும் போங்கள். மாதம் ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள்.

2. வரவு செலவைக் கூட்டத்தில் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அக்காவுக்கும் காது இருக்கிறது. தான் கட்டிய தொகையை அவர் மறக்கமாட்டார்.

3. நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் போட்டோ எடுத்து, இரண்டு மூன்று பேரிடமாவது வையுங்கள். 2018 நவம்பர் 16 கஜா புயல் ராத்திரியை நினைத்துப் பாருங்கள். கூரை பறந்த வீட்டில் நனைந்த நோட்டு உங்களுடையதாகவும் இருக்கலாம்.

4. ஊக்குநரையும் பிரதிநிதியையும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். இது அவர்கள்மேல் சந்தேகம் அல்ல. மாறும்போது கணக்கு ஒருமுறை முழுதாகக் கைமாறும். இன்னொரு பெண்ணும் வங்கி மேனேஜர் முன்னால் உட்கார்ந்து பேசப் பழகுவாள்.

5. கடன் வேண்டுமென்றால் முதலில் குழுவின் பேரில் வங்கியில் கேளுங்கள். குழுவுக்கு 10 லட்சம்வரை அடமானமோ ஜாமீனோ கேட்கக்கூடாது, உங்கள் சேமிப்புக் கணக்கை முடக்கி வைக்கவும் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. “சொத்துப் பத்திரம் கொண்டுவாங்க” என்றால், அதை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தராவிட்டாலும் விடாதீர்கள். மகளிர் திட்ட அலுவலகத்தில் போய்ச் சொல்லுங்கள்.

6. தவணையை நம் வயலின் கணக்கில் பார்த்துக் கடன் வாங்குங்கள். சம்பா அறுவடை தை, மாசியில். ஐப்பசி அடைமழையில் வேலை நிற்கும், சித்திரையில் வயலே காய்ந்து கிடக்கும். வாரந்தோறும் கட்டுகிற கடனுக்கு இந்த மாதங்கள் தெரியாது. கையில் காசு இல்லாத மாதத்திலும் கட்ட முடிகிற தொகையா என்று பார்த்து, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.

7. குழுவில் ஒருவர் விடாமல் இரண்டு காப்பீடும் எடுத்துவிடுங்கள். ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சத்துக்கு விபத்துக் காப்பீடு, 50 வயதுக்குள் இருந்தால் 436 ரூபாயில் 2 லட்சத்துக்கு ஆயுள் காப்பீடு. இரண்டும் வங்கிக் கணக்கு வழியாகவே கிடைக்கும். வரப்பில் பாம்பு கடித்து உயிர் போனாலும் விபத்துக் காப்பீடு கேட்கலாம். ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போன சீட்டு இருக்க வேண்டும். நாட்டு வைத்தியரிடம் போய் நேரத்தைக் கழித்துவிட்டால் உயிருக்கும் ஆபத்து, காப்பீட்டுக்கும் சாட்சி இருக்காது.

8. கிராம சபைக்குக் குழுவாகப் போங்கள், கோரிக்கையை எழுதிக்கொண்டு போங்கள். குடிநீர், தெருவிளக்கு, சுடுகாட்டுப் பாதை எதுவானாலும், வாயால் சொன்னது காற்றோடு போகும். தீர்மான நோட்டில் ஏறியதைத்தான் பிறகு கேட்க முடியும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1: ஆறு தேதியையும் காலண்டரில் வட்டம் போடுங்கள்.

9. தொழில் தொடங்கினால் கைக்கு எட்டும் சரக்கில் தொடங்குங்கள். ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 2 கிலோ விதை கொடுத்து, மறு வருஷம் 4 கிலோ திருப்பி வாங்கியே பாரம்பரிய நெல்லைப் பரப்பினார். கருப்புக் கவுனி, பூங்கார், மாப்பிள்ளைச் சம்பா விளைகிற ஊரில் இருந்துகொண்டு வெளியூர் மாவை வாங்கிப் பாக்கெட் போட வேண்டாம். கஞ்சி மாவு விற்கும் முன்னால் உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்துவிடுங்கள். அரைத்த தேதியைப் பாக்கெட்டில் போடுங்கள்.

செய்யக்கூடாதவை

1. வெற்று வித்ட்ராயல் ஸ்லிப்பில் கையெழுத்துப் போடாதீர்கள். “அவசரம்னா உதவுமே” என்று போட்டு வைத்த கையெழுத்துதான் பின்னால் தூக்கத்தைக் கெடுக்கும். தொகை எழுதியபின் கையெழுத்து, தீர்மானம் எழுதியபின் தொகை.

2. உங்கள் பேரில் இன்னொருவருக்குக் கடன் எடுத்துத் தராதீர்கள், கேட்பவர் நாத்தனாராகவே இருந்தாலும். எனக்குத் தெரிந்த ஒரு பெண் குழுத் தலைவிக்காகத் தன் ஆதாரைக் கொடுத்தாள். தலைவி இரண்டு தவணை கட்டி நிறுத்திவிட்டாள். மீதியை அடைக்க இவள் தோட்டை விற்றாள். அதன்பிறகும், மகன் படிப்புக்குக் கடன் கேட்கப் போனபோது பழைய பாக்கி கம்ப்யூட்டரில் வந்து நின்றது.

3. கடன் வாங்கித் தருகிறேன் என்பவருக்குக் கமிஷன் கொடுக்காதீர்கள். மகளிர் குழுக் கடனுக்கு இடைத்தரகர் கிடையாது. கொடுத்த பணத்துக்கு ரசீதும் கிடையாது.

4. ஏடிஎம் கார்டையோ ஓடிபியையோ யாரிடமும் கொடுக்காதீர்கள். மாதம் வரும் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகை உங்களுடையது. தவணைக்கு ஈடாகக் கார்டைப் பிடித்து வைத்துக்கொள்ள யாருக்கும் உரிமையில்லை. பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

5. ஒரு கடனை அடைக்க இன்னொரு வாரக்கடன் வாங்காதீர்கள். நான்கு கம்பெனிக்கு நான்கு கிழமையில் கட்டும் பெண்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எல்லாக் கடனுக்குமான மாதத் தவணை வீட்டு வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி மைக்ரோ ஃபைனான்ஸ் கடன் தரக்கூடாது என்று விதியே இருக்கிறது.

6. வசூலுக்கு வருபவருக்குப் பயப்படாதீர்கள். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கூப்பிடக்கூடாது, கெட்ட வார்த்தை பேசக்கூடாது, உறவினரை மிரட்டக்கூடாது. கட்டாய வசூலைத் தடுக்க 2025-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்துவிட்டது. மிரட்டினால் போலீசில் எழுதிக் கொடுங்கள், எப்படிப் புகார் செய்வது என்று ரிசர்வ் வங்கியின் 14448-லும் கேளுங்கள். கஜாவுக்குப் பிறகு, தலைக்குமேல் ஓடில்லாத வீட்டில் தவணை கேட்டு வந்து நின்றவர்கள் உண்டு. அப்போது எங்கே போய்ச் சொல்வது என்று நம் பெண்களில் பலருக்குத் தெரியாமல் போனது.

7. மாவு அரைக்கும் மெஷினை முதலில் வாங்காதீர்கள். மூன்று மாதம் மாவு மில்லில் கூலிக்கு அரைத்து விற்றுப் பாருங்கள். வாங்கும் ஆள் நிலைத்த பிறகு மெஷின்.

8. குழுவைக் கட்சிக் கூட்டத்துக்கு ஆள் சேர்க்கும் பட்டியலாக்காதீர்கள். ஒருமுறை வேனில் ஏறினால், அடுத்த தேர்தலில் குழு இரண்டாகப் பிரியும்.

9. தவணை கட்டாத உறுப்பினர் வீட்டு வாசலில் கும்பலாகப் போய் நிற்காதீர்கள். அவமானம் தாங்காமல் ஊரைவிட்டே போனவர்கள் உண்டு. உயிரை விட்டவர்களும் உண்டு. முதலில் ஒருத்தி மட்டும், அவளுக்குப் பிடித்தவளாகப் பார்த்து அனுப்புங்கள். பிள்ளைக்குக் காய்ச்சலா, புருஷன் குடித்தே தீர்த்தானா, வேலைதான் இல்லையா என்று கேட்டு வரட்டும். பிறகு கூட்டத்தில் அவளையும் உட்காரவைத்து, இந்த மாதம் வட்டி மட்டும், அறுவடைக்குப் பின் அசல் என்று பேசித் தீர்மானம் எழுதுங்கள். வீட்டில் அடிதடி என்று தெரிந்தால் தவணைப் பேச்சை ஒதுக்கிவைத்துவிட்டு 181-க்குப் போன் போட்டு, அன்று ராத்திரி அவளோடு யாராவது இருங்கள்.