வீடு பேனாவில், எண் பென்சிலில்

2023 டிசம்பர் 17 இரவு எங்கள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஊரில் இருந்தவர்களைத் தவிர மற்ற எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஹாங்காங், சிங்கப்பூர், துபை, தம்மாம், ஜித்தா, சென்னை, பெங்களூரு என்று எங்கிருந்து வந்தாலும் கேள்வி ஒன்றுதான்: "எங்க உம்மா வீட்டுப் பக்கம் தண்ணி எப்படி?" செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோன செய்தி வந்ததும் பதற்றம் இன்னும் கூடியது. பதில் சொல்ல வேண்டிய எங்கள் ஊர் காயல்பட்டினத்தில் கரண்ட் இல்லை, டவர் இல்லை. மறுநாள் காலை எட்டரைக்கு அளந்தபோது 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்திருந்தது. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்யும் சராசரியைவிட இது அதிகம்.

இதையெல்லாம் போன் உயிர் பெற்ற பிறகுதான் வரிசையாகப் படித்தேன். அன்று கையில் இருந்தது ஒரு நீளக் கணக்கு நோட்டு. எங்களுக்கு முன்னால் செயலாளராக இருந்த காக்கா (அண்ணன்) ஒருவர் தெருவாரியாக எழுதி வைத்தது. அப்பாபள்ளித் தெரு, குத்துக்கல் தெரு, சதுக்கைத் தெரு, கொச்சியார் தெரு என்று பக்கங்கள். எந்த வீட்டில் வயசானவர் தனியாக இருக்கிறார், எந்த வீட்டில் சர்க்கரைக்கு ஊசி போடுகிறார்கள், யாருடைய பிள்ளைகள் எந்த நாட்டில். நோட்டை பாலிதீன் பையில் சுற்றிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நாலு பேர் தெருத்தெருவாகப் போனோம்.

தமாஷ் என்னவென்றால், அந்த நோட்டைத் தூக்கிப் போடச் சொன்னவனே நான்தான். சவூதியில் பதினோரு வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பிய புதிதில், "எல்லாம் போன்ல வந்தாச்சு காக்கா, இன்னும் எதுக்கு நோட்டு?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். நோட்டைத் தூக்கிப் போடவில்லை.

கல்வி, மருத்துவ உதவிக்காக நாங்கள் நடத்துவது ஒரு சின்னச் சங்கம். ஆதரவாளர்களில் முக்கால்வாசிப் பேர் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கிறவர்கள். அவர்களை இணையத்தில் ஒன்றுசேர்த்து, வருஷக்கணக்காகக் கலையாமல் வைத்திருக்க நாங்கள் பட்ட பாட்டிலிருந்து கற்றதை இங்கே எழுதுகிறேன். இதே வேலையில் இறங்கும் எந்த ஊர்க்காரருக்கும் இதில் ஏதாவது உதவும்.

எண்ணைச் சேர்க்காதீர்கள், வீட்டைச் சேருங்கள்

ஆரம்பத்தில் குழுவில் எத்தனை பேர் என்பதுதான் எங்களுக்குப் பெருமை. வாட்ஸ்அப்பில் ஒரு குழுவுக்கு 256 பேர் என்று வரம்பு இருந்தபோது இடம் போதவில்லை என்று குறைப்பட்டோம். 2022இல் அது முதலில் 512, பிறகு 1024 ஆனதும் கையில் கிடைத்த எண்களையெல்லாம் உள்ளே போட்டோம். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் பாதி எண்கள் ஊமை. வெளிநாடு போய்ச் சம்பாதிக்கும் சபராளியின் வாழ்க்கை அப்படி. ரியாத்தில் ஒரு எண், துபைக்கு மாறினால் வேறு எண், விடுமுறையில் ஊர் வந்தால் இன்னொரு சிம்.

எங்கள் ஊரில் மாறாத ஒன்று உண்டு. பெண்ணுக்கு வீடு, மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் வந்து இருப்பார். ஆண் எந்த நாட்டுக்குப் போனாலும் அவர் திரும்பி வரும் கதவு மனைவியின் வீட்டுக் கதவு. ஆனால் எங்கள் பட்டியலில் ஒரு பெண் பெயர்கூட இல்லை. மாதச் சந்தா யார் பெயரில் வந்தாலும், "இந்த மாசம் அனுப்பிட்டீங்களா?" என்று அவருக்கு நினைவுபடுத்துவது வீட்டில் இருக்கும் உம்மாவோ லாத்தாவோ (அக்காவோ)தான் என்பது பின்னால்தான் தெரிந்தது.

இப்போது பதிவின் தலைப்பே வீடுதான். தெரு, வீட்டுப் பெயர், அந்த வீட்டுப் பெண்ணின் பெயர் மூன்றையும் பேனாவால் எழுதுகிறோம். நாடும் எண்ணும் பென்சிலால். கணினியில் ஏற்றினாலும் இதே வரிசைதான். வருஷத்துக்கு ஒரு முறை பெண்கள் குழு ஒன்று வீடு வீடாகப் போய்ப் பென்சில் எழுத்தை மட்டும் சரிபார்க்கிறது. உங்கள் ஊரில் மாறாதது பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்த செட்டாக இருக்கலாம், கோயில் வரிதாரர் பட்டியலாக இருக்கலாம். அது எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். பதிவேட்டை அதன்மேல் கட்டுங்கள்.

ரமழான் நகரும், ஜூன் நகராது

எங்களுக்கு வரும் பணத்தில் பெரும்பகுதி ரமழானில் வரும் ஜகாத் என்ற கட்டாயக் கொடை. 2015 முதல் 2017 வரை ரமழான் மே கடைசிக்கும் ஜூலைக்கும் நடுவில் வந்தது. கல்லூரிக் கட்டணம் கட்டும் நேரமும் அதுதான். பணம் வந்த கையோடு போய்ச் சேர்ந்தது. நாங்கள் நிர்வாகத்தில் கெட்டிக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டோம். ஆனால் பிறை ஆண்டு வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே நகரும். 2025இல் ரமழான் மார்ச் தொடக்கத்துக்கே வந்துவிட்டது. ஜூனில் பிள்ளைகள் சேர்க்கைக் கடிதத்தோடு வந்து நிற்கும்போது பெட்டி காலி.

ஜகாத்தை எடுத்து வைத்து ஜூனில் கொடுக்கலாமே என்று தோன்றும். உரியவருக்குத் தாமதிக்காமல் கொடுத்துவிடுங்கள் என்பதுதான் ஆலிம்கள் வழக்கமாகச் சொல்வது. அதை இன்னாருக்குத்தான் கொடுக்கலாம் என்ற வரையறையும் உண்டு. அலுவலக வாடகைக்கோ கணினி ரிப்பேருக்கோ அதைத் தொட முடியாது. ஆகவே கல்விக்கும் நிர்வாகத்துக்கும் மாதச் சந்தா என்ற தனி ஓடை வேண்டியிருந்தது. தொகை சின்னதாக இருக்கட்டும், மாதம் தவறாமல் வரட்டும் என்றோம். இரண்டுக்கும் தனித்தனி வங்கிக் கணக்கு, தனித்தனி ரசீதுப் புத்தகம்.

அடுத்த பத்து வருஷத்து ரமழான் தேதிகளையும் கட்டணத் தேதிகளையும் ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். 2030இல் ஜனவரித் தொடக்கத்தில் ஒன்று, டிசம்பர் கடைசியில் ஒன்று என ஒரே ஆங்கில வருஷத்தில் இரண்டு ரமழான் வரும். நீண்ட காலத் திட்டம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் அந்தத் தாளைத்தான் காட்டுகிறேன்.

பெரிய பந்தல் வேண்டாம், சஹன் போதும்

எங்கள் ஊர்க் களரிச் சாப்பாட்டில் ஆயிரம் பேர் உட்கார்ந்தாலும் அவரவர் சாப்பிடுவது கூட உட்கார்ந்த ரெண்டு மூணு பேரோடு சஹன் என்ற ஒரே பெரிய தட்டில்தான். யார் சாப்பிடவில்லை என்பது சஹனில் உட்கார்ந்தவருக்கு உடனே தெரியும். பந்தல் வாசலில் நிற்பவருக்குத் தெரியாது.

ஆயிரம் பேர் குழுவில் நடந்தது என்ன? காலை வணக்கப் படங்கள், உறுதி செய்யாத செய்திகள், தேர்தல் நேரத்துச் சண்டை. உதவி கேட்டுப் போட்ட செய்தி பத்தே நிமிஷத்தில் மேலே போய் மறைந்தது. இப்போது பெரிய குழுவில் நிர்வாகிகள் மட்டுமே எழுத முடியும். வாரத்துக்கு ஒரு செய்தி, அவ்வளவுதான். பேச்சுக்கு நகரம்வாரியாகச் சின்னக் குழுக்கள், ஒவ்வொன்றிலும் முப்பது நாற்பது பேர். ஒருவர் இரண்டு மாதம் சத்தமில்லாமல் இருந்தால் அந்தக் குழுவில் யாராவது போன் போட்டுக் கேட்பார்கள். சந்தாவைக் கேட்க மாட்டார்கள். "நல்லா இருக்கியா தம்பி, வேலை எப்படி?" அவ்வளவுதான்.

செய்தி போடும் நேரமும் முக்கியம். ஹாங்காங் நமக்கு இரண்டரை மணி முன்னால், சவூதி இரண்டரை மணி பின்னால். நாம் இரவு ஒன்பதுக்குப் போட்டால் ஹாங்காங்கில் பதினொன்றரை. சவூதியில் வார விடுமுறை வெள்ளி, சனி. அமீரகத்தில் 2022இலிருந்து சனி, ஞாயிறு. எல்லோருக்கும் பொதுவாக ஓய்வு கிடைப்பது சனிக்கிழமை பிற்பகல். எங்கள் வாரச் செய்தி அப்போதுதான்.

ஒரே வேலையை நாலு பேர் செய்யாதீர்கள்

காயலர்கள் போன நாடெல்லாம் நல மன்றமோ நற்பணி மன்றமோ வைத்திருக்கிறார்கள். ஒரே நோயாளி நாலு மன்றத்துக்கும் மனுப் போட்டு, நாலு பேரும் தனித்தனியே விசாரித்தால் எல்லோருக்கும் அலைச்சல். கல்விக்கு இக்ராஃ, மருத்துவத்துக்கு ஷிஃபா என்று உலகத்துக் காயல் மன்றங்களுக்குப் பொதுவான கூட்டமைப்புகள் ஊரில் இருப்பதன் அருமை இந்த வேலையில் இறங்கிய பிறகுதான் புரிந்தது. புதிதாகத் தொடங்குகிறவர்கள், ஏற்கெனவே இருப்பவர்கள் விட்டுவைத்த இடம் எது என்று பார்த்து அதில் நில்லுங்கள்.

அதோடு, கோரிக்கை ஒற்றை வரியில் இருக்கட்டும். அடைக்கலாபுரம் வழியாகச் சுற்றிப் போகும் பேருந்துகள் காயல்பட்டினம் ஊருக்குள் வரவேண்டும் என்பதை "நடப்பது என்ன?" சமூக ஊடகக் குழுமம் விடாமல் வலியுறுத்தியது. திருச்செந்தூர் பஸ்ஸுக்குக் காத்து நின்ற எவருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. "சமுதாய முன்னேற்றம்" என்று போட்டால் தலையாட்டுவார்கள். "பஸ் ஊருக்குள் வரணும்" என்றால் கையெழுத்துப் போடுவார்கள்.

படம் போட்டு நான் பட்ட பாடு

ஒரு வருஷம், பொறியியலில் சேர்ந்த மாணவன் ஒருவனுக்குக் காசோலை கொடுப்பதைப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். பாராட்டு குவிந்தது, அன்றைக்கே புதிய சந்தாதாரர்கள் சிலர் சேர்ந்தார்கள். மூன்றாம் நாள் அந்தப் பையனின் தாய் எங்கள் வீட்டு முடுக்கு வழியாக வந்து, என் மனைவியிடம் காசோலையை நீட்டினார். அது வங்கியில் போடப்படவே இல்லை.

"தம்பிட்ட சொல்லுங்க. புள்ள வெளிய தலை காட்ட மாட்டேங்கிறான். ஹாங்காங்லருந்து அவன் கூட்டாளி, உனக்கு காசு குடுத்தாங்களாமேன்னு கேட்டானாம்."

உள் அறையில் இருந்த எனக்கு எல்லாம் கேட்டது. எழுந்து வெளியே வரத் தைரியம் இல்லை. பிறகு அவருக்குத் தெரிந்த ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்டேன். காசோலையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பையன் என்னோடு பேச வெகுநாள் ஆனது.

அன்றிலிருந்து முகம் இல்லை, பெயர் இல்லை, தெருப் பெயர்கூட இல்லை. சின்ன ஊரில் தெருவைச் சொன்னால் போதும், ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். சந்தாதாரருக்குக் காட்டுவது கணக்கை: எத்தனை மனு, எத்தனைக்கு உதவி, எத்தனையை ஏன் மறுத்தோம், கையிருப்பு எவ்வளவு. மறுத்ததையும் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் எங்கள் மேல் நம்பிக்கை கூடியது. அந்த டிசம்பர் வெள்ளத்துக்குப் பணம் அனுப்பிய புதியவர்களிடம் மறுபடி கேட்பதற்கு முன் முதலில் இந்தக் கணக்கைத்தான் அனுப்பினோம். அவர்களில் தங்கியவர்கள் அதனால்தான் தங்கினார்கள்.

பிள்ளைகளின் பாஸ்போர்ட்டை யோசியுங்கள்

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் வெளிநாட்டில் சம்பாதித்த தன் சொந்தப் பணத்தை வங்கி வழியாக அனுப்பினால், சட்டப்படி அது அந்நிய நன்கொடை ஆகாது. அவரே வேறு நாட்டுக் குடிமகனாகிவிட்டால், ஓசிஐ அட்டை இருந்தாலும் அது அந்நிய நன்கொடைதான். அதை வாங்கச் சங்கத்துக்கு உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பணம் டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் இதற்கென்றே திறந்த கணக்கில் வந்து விழ வேண்டும். பதிவு கேட்கும் சங்கம் பொதுவாக மூன்று வருஷமாவது இயங்கி, அந்த மூன்று வருஷத்தில் 15 லட்சம் ரூபாய் பணிகளுக்குச் செலவிட்டிருக்க வேண்டும். வாப்பா இந்தியர், மகன் கனடாக்காரர் என்ற நிலை நம் வீடுகளில் வந்துவிட்டது. இன்றைக்கே ஒரு நல்ல ஆடிட்டரிடம் உட்காருங்கள்.

பணம் வாங்க முடியாத இடத்தில் நேரத்தை வாங்கலாம். விண்ணப்பத்தில் ஆங்கிலக் கட்டுரையைத் திருத்தித் தர, நேர்முகத் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்க, வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் சந்தோஷமாக முன்வருகிறார்கள். ஊரைப் பார்த்தே இராத பிள்ளைக்கு ஊரில் ஒரு தம்பியைத் தெரிந்துவிட்டால் அந்தக் கயிறு சுலபத்தில் அறாது.

சாவி ஒருவரிடம் இருக்கக் கூடாது

முதல் குழு ஒரே ஒருவரின் சொந்த எண்ணில் தொடங்கியது. அவர் வெளிநாடு போனார், சிம்மை மறந்தார். பயன்படுத்தாமல் 90 நாள் கிடந்தால் எண் பறிபோகலாம். 120 நாள் தொடாவிட்டால் வாட்ஸ்அப் கணக்கையே அழித்துவிடும். நிர்வாகியைப் பிடிக்க முடியாத குழுவைக் கலைக்கவும் முடியாமல் நடத்தவும் முடியாமல் தவித்தோம். இன்று எண் சங்கத்தின் பெயரில். எந்தக் குழுவுக்கும் மூன்று நிர்வாகிகள், அவர்களில் ஒருவர் முப்பது வயசுக்குக் கீழே, ஒருவர் பெண். பொறுப்பு இரண்டு வருஷம்தான். இதில் எனக்கும் விலக்கு இல்லை. என் முறை முடிந்து இப்போது நோட்டைச் சுமக்கும் வேலை மட்டும்.

போன விடுமுறையில் ஹாங்காங்கிலிருந்து வந்திருந்த ஒரு பத்து வயசுப் பையன், எங்கள் பெண்கள் குழு பதிவைச் சரிபார்க்கப் போனபோது தன் உம்மம்மாவின் தோளுக்குப் பின்னாலிருந்து நோட்டை எட்டிப் பார்த்தானாம். "இதுல என் பேரு எங்கே?" என்று கேட்டிருக்கிறான். பிள்ளைகளுக்கு என்று நாங்கள் கட்டமே போடவில்லை.

அன்று மாலை உட்கார்ந்து எல்லாப் பக்கத்திலும் ஸ்கேல் வைத்து ஒரு கட்டம் கூடுதலாகக் கோடு போட்டேன். அவன் பெயரைப் பேனாவால் எழுதினேன். பக்கத்தில் 'ஹாங்காங்' என்று எழுதும்போது பென்சிலை எடுத்துக்கொண்டேன்.