ஜன்னலோரம் ஒரு கொலுப்படி

சின்ன ஃபிளாட். ஒன்பது தொட்டிகள் தரையை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. தச்சர் இல்லாமல் நானே ஒரு ஸ்டாண்ட் செய்ய முடியுமா?
– வாசகி, கோவை

தாராளமாக. ரம்பம், ஸ்க்ரூ டிரைவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஆனால் புத்தக அலமாரிபோல் தட்டுக்கு மேல் தட்டு அடிக்காதீர்கள். மேல்தட்டின் நிழலில் கீழ்ச்செடி சோர்ந்துவிடும். கொலுப்படி வடிவமே சரி. 2 அடி அகலத்தில் மூன்று படிகள். ஒவ்வொன்றும் 8 அங்குல ஆழம், 8 அங்குல உயரம். படிக்கு மூன்றாக, 6 அங்குலத் தொட்டிகள் ஒன்பதும் 4 சதுர அடியில் அடங்கிவிடும். தாழ்ந்த படி ஜன்னல் பக்கம், உயர்ந்தது அறைப் பக்கம் இருந்தால் எதுவும் எதையும் மறைக்காது. ‘அந்த 4 சதுர அடியும் வீண்தானே?’ என்பீர்கள். இல்லை, உயர்ந்த படிக்கு அடியில் பூவாளியும் உரப்பையும் ஒளிந்துகொள்ளும்.

‘தண்ணீர் பட்டு மரம் கெடாதா?’ ஊறி உப்புவது பெரும்பாலும் சாதா ப்ளைவுட்தான். மர ரீப்பர்களை அரை அங்குல இடைவெளி விட்டு அடுக்கி, வார்னிஷ் பூசுங்கள். சிந்தியது தேங்காமல் காய்ந்துவிடும். ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோ. ஈரமண்ணின் கனத்தில் ஆணி தளரும், ஸ்க்ரூ தாங்கும். தொட்டிக்கடியில் தட்டு, காலுக்கு ரப்பர் புஷ், கனமான தொட்டி கீழ்ப்படியில். கொலு ஒன்பது நாளில் கலைந்துவிடும். இது வருஷம் முழுக்க நிற்கும்!