முழங்கையின் உயரம்

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உள் அலங்காரக் கலையில் பட்டம் பெற்று, ஒரு நிறுவனத்தில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியும், நீ ஆசையோடு பயின்ற சித்திரத்துக்கும் வர்ண சாஸ்திரத்துக்கும் ஒரு நாழிகைகூட வாய்க்காமல், சைடன்ஹாம்ஸ் சாலையில் பிளைவுட் விலை விசாரிப்பதிலும், மண்ணடியில் கீலும் கைப்பிடியும் தேடுவதிலும், வருகிறேனென்று சொல்லி வராத பெயிண்டருக்காகக் காத்திருப்பதிலுமே பொழுது கழிகிறதென்று மனம் நொந்து எழுதியிருந்தாய். உன் வருத்தத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆயினும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இதையே ஜீவனமாகக் கொண்டவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: வேலைக்கு இடையூறென்று நீ எண்ணுவதெல்லாம் இத்தொழிலின் வேலைதான். வரைபலகைமுன் நான் அமரும் நேரம் இன்றைக்கும் மிகச் சொற்பம்.

காலையில் வேலை நடக்கும் வீட்டுக்குப் போனவுடன் என் முதல் காரியம், சுவரை நம்பாமல் இருப்பது. கட்டடத்தின் வரைபடத்தில் 10 அடி என்று எழுதியிருக்கும் சுவர், பூச்சு வேலை முடிந்தபின் ஒரு முனையில் முக்கால் அங்குலம் குறைந்திருக்கும். மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடியும் மறுபக்கம் 4 அடியும் குறித்துக் குறுக்கே அளந்தால் 5 அடி வரவேண்டிய இடத்தில் வராது. மூலைமட்டமும் தூக்குக்குண்டும் ரசமட்டமும் காட்டுகிற இந்தக் குறைகளை அன்றைக்கே எழுதிக்கொள்ளாமல், காகிதத்தில் கண்ட அளவுக்கே அலமாரி செய்துவிட்டால், அதைச் சுவரில் பொருத்துகிற நாளில் ஆசாரி உன் முகத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பதில் கிடையாது.

ஆனால் சுவரைக் காட்டிலும் அவசியமாக அளக்கவேண்டியது ஒன்று உண்டென்பதை நான் ஒரு பிழையின் மூலமாகவே கற்றுக்கொண்டேன். நான் தனியாக ஏற்றுச் செய்த முதல் சமையலறை அது. மேடையின் உயரம் 34 அங்குலம் என்று புத்தகம் சொல்லிற்று; நானும் அப்படியே செய்தேன். கறுப்புக் கிரானைட்டும், மெல்ல மூடிக்கொள்ளும் இழுப்பறைகளுமாக, வந்தவர்களெல்லாம் புகழும்படி அமைந்தது. ஒரு மாதம் கழித்து, தளர்ந்துபோன ஒரு கைப்பிடியைச் சரிசெய்யப் போனபோது, அவ்வீட்டில் நித்தம் சமைக்கிற மாமியார், பந்தியில் உட்காரும் மணைப்பலகையைத் தரையில் போட்டு அதன்மேல் ஏறி நின்று வாணலியைக் கிளறிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ஐந்தடிக்கும் குறைவான சரீரம் அவருக்கு. மேடைமேல் அடுப்பும், அடுப்பின்மேல் பாத்திரமும் ஏறியபின், கரண்டி பிடித்த கை தோளளவுக்கு உயர்ந்து நிற்க, கொதிக்கும் எண்ணெய் முகத்துக்கருகில் இருந்தது. நான் திடுக்கிட்டுக் கேட்டதற்கு, "மேடையெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறதம்மா, நான்தான் குள்ளமாய்ப் போய்விட்டேன்" என்றார்.

அந்த வார்த்தையை நான் இன்றுவரை மறக்கவில்லை. என் பிழையைத் தம் உடம்பின் குறையாக அவர் ஏற்றுக்கொண்டுவிட்டார்! நம் நாட்டுப் பெண்கள் இப்படித்தான் வாழ்நாள் முழுவதும் பிறர் செய்த அளவுகளுக்குத் தங்களை வளைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்பது அன்று எனக்குப் பிரத்தியட்சமாயிற்று. அடுப்பு இருந்த பகுதியை மட்டும் என் செலவில் பெயர்த்து 30 அங்குலத்துக்கு இறக்கிக் கொடுத்தேன். அதுமுதல், யார் சமைக்கிறாரோ அவரை நிற்கச் சொல்லி, மடக்கிய முழங்கையின் உயரத்தைக் குறித்து, அதற்கு நாலைந்து அங்குலம் கீழே மேடையை வைப்பதும், அடுப்புக்கு இன்னும் சற்று இறக்குவதும் என் வழக்கமாயிற்று. இட்லிக்கு மாவரைக்கிற கிரைண்டர் எங்கே நிற்கும், அதைக் கழுவிய நீர் எங்கே போகும், தாத்தா இரவில் எழுந்தால் எந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார் என்றெல்லாம் கேட்பதும் அப்போது தொடங்கியதே.

பயன்படுத்துகிறவரை அளந்தே பொருளைச் செய்யவேண்டும் என்பதற்கு மிகப் பெரியவர்களின் சாட்சியமும் உண்டு. இந்திய அரசாங்கத்தின் அழைப்பின்பேரில் அமெரிக்காவிலிருந்து வந்த வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் 1958-இல் சமர்ப்பித்த அறிக்கையில், இந்நாட்டில் தாங்கள் கண்டு வியந்த பொருள்களுள் தலையாயதாகப் போற்றியது எதை என்று நினைக்கிறாய்? மாளிகையையோ சிம்மாசனத்தையோ சொல்லவில்லை; நம் வீடுகளில் தண்ணீர் மொள்ளும் செம்பைச் சொன்னார்கள். எவ்வளவு நீர் கொள்ளவேண்டும், இடுப்பிலோ தலையிலோ எப்படிச் சுமப்பது, நிறைந்தபோதும் ஒழிந்தபோதும் அதன் பாரம் எங்கே நிற்கும், கைக்கு எப்படிப் படும் என்று பல தலைமுறைகள் பரீட்சித்ததன் பயனாக விளைந்த வடிவம் அது என்று அவர்கள் எழுதினார்கள். அந்த அறிக்கையின் விளைவாகத்தான் 1961-இல் ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் தோன்றிற்று. உன் பாட்டி வீட்டுச் செம்பை ஒரு நாள் நீர் நிரப்பிக் கையில் தூக்கிப் பார்.

ஆசாரியிடம் வரைபடத்தை நீட்டிவிட்டு நகர்ந்துவிடாதே. பலகையில் ரம்பம் வைப்பதற்கு முன் அவருடைய அபிப்பிராயத்தைக் கேள். அலமாரித் தட்டு 18 அங்குலம் ஆழம் இருக்கட்டும் என்று நான் வரைந்திருந்த ஒரு படத்தைப் பார்த்து, "4 அடி அகலப் பலகையில் 18 வைத்தால் இரண்டு துண்டுதான், மீதி ஒரு அடி கழிவாய்ப் போகும், 16-க்கு ஒரு நூல் குறைத்தால் ரம்பம் தின்றது போக மூன்று துண்டு வரும்" என்று சொன்ன முதியவர், கல்லூரியில் எவரும் எனக்குப் போதிக்காத கணக்கை இரண்டே வாக்கியத்தில் போதித்தார். அவரை நான் அண்ணா என்றுதான் அழைப்பேன். நீயும் உன் ஆசாரியை அவ்வாறே அழை. கூலியைச் சனிக்கிழமை தவறாமல் வாங்கிக் கொடு.

சாமான்களின் விஷயத்தில் ஒரு கண்டிப்பு உனக்கு வேண்டும். மேலே மைக்கா ஒட்டிவிட்டால், நீரைத் தாங்கும் ஐ.எஸ். 710 தரத்துப் பிளைவுட்டும், மரத்தூளை அழுத்திச் செய்த பலகையும் கண்ணுக்கு ஒன்றேபோல் தோன்றும். பார்வைக்குப் புலப்படாத இவ்விடத்தில்தான் நம் யோக்கியதை நிற்கிறது. 2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்து வடிந்தபின் நான் போய்ப் பார்த்த வீடுகளில், தூள்பலகை அலமாரிகள் ஊறிப் பருத்து உதிர்ந்து கிடக்க, பழைய தேக்குக் கட்டில்கள் கழுவி உலர்த்தியதும் எழுந்து நின்றன. தொட்டிக்கு அடியிலும் குளியலறையை ஒட்டிய சுவரிலும் என்ன பலகை வைக்கிறாய் என்பதை, வீட்டுக்காரர் கேட்காவிட்டாலும் விலைப்பட்டியலில் எழுதிக் கொடு.

முகூர்த்தத்தைப்பற்றியும் சொல்லவேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் கிருகப்பிரவேசம் வைப்பதில்லையாதலால், ஆவணியிலும் தையிலும் எல்லா வீட்டுக்கும் அதே ஆசாரியும் அதே பெயிண்டரும் ஒரே சமயத்தில் வேண்டியிருக்கும். நாள் குறித்தவுடன் அந்நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, பட்டி காய்வதற்கும் பாலிஷ் உலர்வதற்கும் உரிய நாட்களை ஒதுக்கிவிட்டு, முடியாதென்றால் முதல் வாரத்திலேயே முடியாதென்று சொல்.

இன்னொன்று. கட்டடக் கலைஞர் என்ற பெயரைப் பதிவு பெற்றவரே சூடிக்கொள்ளலாமென்று 1972-ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. நம் தொழிலுக்கு அப்படிப்பட்ட வேலி இல்லை. யார் வேண்டுமானாலும் அட்டை அச்சடித்துக்கொண்டு வரலாம். உனக்கிருக்கும் பாதுகாப்பு, கையெழுத்திட்ட ஒப்பந்தமும் சொன்ன சொல்லுமே. முன்பணம் வாங்காமல் முழு வரைபடத்தையும் கொடுத்துவிட்டு, அதை வேறொருவர் கையில் கண்டு அழுத இளைஞர்கள் பலரை நான் அறிவேன்.

அடுத்த திங்கட்கிழமை மயிலாப்பூரில் ஒரு சமையலறைக்கு அளவெடுக்க உன்னை அனுப்புகிறார்களென்று எழுதியிருந்தாய். காலை ஆறரை மணிக்கே போய்விடு. காப்பி கலக்கிற நேரம் அது. டேப்பை வெளியே எடுக்காமல் அரைமணி நேரம் ஓரமாக நின்று பார். பிறகு அந்த அம்மாவை அடுப்பின்முன் நிற்கச் சொல்லி, முழங்கையின் உயரத்தைக் குறித்து எனக்கும் எழுது.

அன்புடன்,
உன் அத்தை