கிணற்று நீச்சலும் ஸ்கூபாவும்

கேள்வி: கிணற்றில் நன்றாக நீந்துவேன். ஸ்கூபா டைவிங் கற்க எங்கே தொடங்கலாம்?
– வாசகர், கம்பைநல்லூர்

பதில்: புதுச்சேரியில் பயிற்சி நிலையங்கள் உண்டு. முதலில் அறிமுக டைவ் ஒன்று போய்ப் பாருங்கள். பயிற்சியாளர் கூடவே வருவார், 12 மீட்டருக்குக் கீழே இறக்கமாட்டார். பிடித்துவிட்டால் ‘ஓப்பன் வாட்டர்’ பயிற்சி: மூன்று நான்கு நாள், 18 மீட்டர் வரை. அதற்கு 200 மீட்டர் நீந்தி, 10 நிமிடம் மிதந்து காட்டவேண்டும். உங்களுக்கு அது பெரிதல்ல.

ஆனால் கிணற்றில் பழகிய ஒன்றை விட்டாக வேண்டும்: மூச்சடக்குவது. சிலிண்டர் காற்றை இழுத்து, அடக்கியபடி மேலே வந்தால், அழுத்தம் குறையக் குறையக் காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடலாம். ஆஸ்துமா, காது, இதயக் கோளாறு இருந்தால் முதலில் டாக்டர்.

திரும்பும் வழியில் ஏற்காடு இழுக்கும். அன்றே ஏறாதீர்கள், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழியிடக்கூடும். ஒருநாள் கழித்துப் போகலாம்.