திராட்சைத் தோட்டத்தில் செம்புக் கணக்கு

கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைப் பந்தல் வைத்திருப்பவர்களுக்கு, வானம் இருட்டினாலே கை மயில்துத்த மூட்டைக்குப் போய்விடும். ‘இயற்கை விவசாயத்துக்கு அனுமதித்த மருந்துதானே’ என்ற தைரியம் வேறு. அனுமதி உண்டு. ஆனால் அதிலுள்ள செம்பு மக்காது. இலையிலிருந்து மழையில் வழிந்தது மேல்மண்ணிலேயே தங்கி ஆண்டுக்காண்டு சேரும். மண்புழுவுக்கு அது ஆகாது.

முதலில் செம்புக் கணக்குக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். மயில்துத்தத்தில் கால் பங்குதான் செம்பு. துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த ஒரு சதவீதப் போர்டோ கலவையை ஏக்கருக்கு 200 லிட்டர் அடித்தால் 2 கிலோ துத்தம், அதாவது 500 கிராம் செம்பு. வருடத்துக்கு எட்டு முறை என்றால் 4 கிலோ. ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் வைத்திருக்கும் வரம்பு, 7 ஆண்டுகளுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ. நம் ஏக்கர் கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 1.6 கிலோதான்.

அடுத்து, வந்திருப்பது எந்த நோய்? இலையின் மேலே எண்ணெய் பட்டதுபோல் மஞ்சள் திட்டு, அதற்கு நேர் கீழே வெண்பூஞ்சை என்றால் அடிச்சாம்பல், செம்பு இதற்குத்தான். மாவு தூவியதுபோல் இருந்தால் அது சாம்பல் நோய். அதற்கு நனையும் கந்தகம் போதும், உச்சி வெயிலில் மட்டும் அடிக்காதீர்கள்.

அடிச்சாம்பலுக்கு ஈரம்தான் தீனி. கவாத்துக்குப் பிறகு நெருக்கமாக வரும் தளிர்களைத் தயங்காமல் கிள்ளிவிடுங்கள். பந்தலுக்கு அடியில் வெயில் பொட்டுப் பொட்டாகத் தரையில் விழ வேண்டும். விழவில்லை என்றால் எவ்வளவு அடித்தாலும் தீராது. நோய்கண்டு உதிர்ந்த இலைகளைத் தோட்டத்தை விட்டு அப்புறப்படுத்துங்கள்.

நாள் பார்த்து அடிப்பதில்தான் பெரிய மிச்சம். செம்பு இலைக்குள் இறங்காது. மேலே படிந்து, நோய் உள்ளே நுழையாமல் காவல் நிற்கும், அவ்வளவுதான். நுழைந்துவிட்டதை அது எடுக்காது. ஆகவே மழைக்கு முன்பே அடிக்க வேண்டும். கடைசியாக அடித்த பிறகு மழை கழுவவில்லை, புதுத்தளிர் அதிகம் வரவில்லை, வானிலை அறிவிப்பிலும் மழை இல்லை என்றால் அந்த முறையை விட்டுவிடலாம். ‘பத்து நாளைக்கு ஒருமுறை’ என்ற பழக்கத்தில்தான் பாதித் துத்தம் வீணாகிறது. நோய் நுழைவது இலையின் அடிப்பக்கத் துளைகள் வழியாக. நாசில் அங்கே பார்க்கட்டும்.

போர்டோவின் அளவைக் குறைக்க முடியுமா என்று இரண்டு வரிசைகளில் மட்டும் அரை சதவீதம் அடித்துப் பாருங்கள்: 100 லிட்டருக்குத் துத்தம் 500 கிராம், சுட்ட சுண்ணாம்பு 500 கிராம். தனித்தனியே பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்குங்கள். இரும்புக் கத்தியை முக்கினால் செம்மை படியக் கூடாது. படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேருங்கள். அன்றே அடித்து முடித்துவிட வேண்டும்.

சூடோமோனாஸ், ட்ரைக்கோடெர்மா போன்ற நன்மை செய்யும் நுண்ணுயிர்களை அடிப்பவர்கள் அவற்றைப் போர்டோவோடு கலக்காதீர்கள். செம்பு அவற்றையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

பன்னீர் ரகத்துக்கு அடிச்சாம்பலைத் தாங்கும் சக்தி கிடையாது. ஐப்பசி மழையில் செம்பை அடியோடு நிறுத்தச் சொல்ல எனக்குத் துணிவில்லை. அடுத்த கவாத்திலிருந்து நோட்டை மட்டும் விடாமல் எழுதுங்கள்.